எந்த ஐம்பது? வலிகாமத்துக் கிணறுகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர். நாங்கள் கருவி பூட்டிக் கொடுத்த ஊரின் சனசமூக நிலையச் செயலாளரும் அவர்தான்.

“தம்பி, உங்கட பலகையிலை பச்சை லைட் எரியுது. என்ர கடதாசி சிவக்குது. ரெண்டிலை ஒண்டு பொய் சொல்லுது. கடதாசிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

கடதாசி என்று அவர் சொன்னது நைத்திரேற்றுச் சோதனைத் துண்டை. சின்னப் போத்தலில் வரும். தண்ணீரில் ஒரு விநாடி தோய்த்து, ஒரு நிமிடம் பொறுத்து, போத்தலில் ஒட்டியிருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவு நைத்திரேற்று. பலகை என்று அவர் சொன்னது, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு வருடம் இழுபட்டுச் செய்து முடித்த கண்காணிப்பு முறைமையின் முகம். ஒன்பது கிணறு, ஒன்பது சென்சர், சனசமூக நிலையச் சுவரில் ஒன்பது சோடி விளக்கு. பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது, குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

ஆசிரியரின் கடதாசிதான் சரி. எங்கள் பலகை ஆறு மாதமாகப் பிழையாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிழை எங்கே பிறந்தது, எத்தனை கை மாறியது, ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரையும் பணம் தந்தவர்களையும் எங்களுக்குப் பொருள் விற்றவர்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். பிழை பெரும்பாலும் எங்களுடையது.

தண்ணீர்

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு இருக்கிறது என்றால் அது மாரிக்கு மட்டும் ஆறு. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். மழை அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம். குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, பீற்றூட் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. யூரியாவும் மாட்டெருவும் போட்டு, கிணற்றிலிருந்து இறைத்து விட்டால், பயிர் குடித்தது போக மிச்சம் திரும்பவும் அதே கிணற்றை நோக்கித்தான் இறங்கும். போகும்போது நைத்திரேற்றையும் கூட்டிக்கொண்டு போகும். வீட்டு மலகூடக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இலங்கை நியமத்திலும் அதே எண்தான். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்து எழுதிய எல்லை அது. நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நினைப்பதுண்டு. உண்மையில் தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடும்.

இதைத் தெரிந்த ஊரார் சிலர், வெளிநாட்டில் உள்ள தங்கள் ஊர்ச் சங்கத்தோடு கதைத்துப் பணம் சேர்த்தார்கள். பல வீடுகள் குடிக்க அள்ளும் ஒன்பது கிணறுகளுக்கு இடைவிடாத கண்காணிப்பு வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. வேலை எங்களிடம் வந்தது.

அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொல்

முறைமை என்ன செய்ய வேண்டும் என்று 2020 இல் நாங்கள் எழுதிய தேவைப்பாட்டு ஆவணத்தின் 14 ஆவது வரி இது:

“நைத்திரேற்று அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை (நைத்திரேற்று அயனாக) எட்டினால் அந்தக் கிணற்றுக்குரிய சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.”

ஒரு குறையும் இல்லாத வரி. அந்த அடைப்புக்குறி ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதற்குள்தான் கிடக்கிறது. நைத்திரேற்றை இரண்டு விதமாக எண்ணலாம். அயன் முழுவதையும் நிறுக்கலாம், அல்லது அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் நிறுக்கலாம். ஒரு நைத்திரேற்று அயனின் திணிவு 62, அதில் நைதரசன் 14. வகுத்தால் 4.43. எனவே நைத்திரேற்றாக 50 என்பதும் நைதரசனாக 11.3 என்பதும் ஒரே தண்ணீர். அமெரிக்காவில் சட்ட எல்லையே நைதரசனாக 10 என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. கருவி செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் அந்த முறையில், இன்னொரு பகுதியினர் மற்ற முறையில் காட்டுவார்கள். இரண்டுக்கும் அலகு ஒன்றே: லீற்றருக்கு மில்லிகிராம்.

தேவைப்பாட்டிலிருந்து வடிவமைப்புக்குப் போனபோது, ஒரு பகுதி மற்றப் பகுதிக்கு என்ன கொடுக்கும் என்று சொல்லும் இடைமுக அட்டவணை ஒன்றை எக்செலில் செய்தோம். சமிக்ஞை, வீச்சு, அலகு, எல்லை என்று நிரல்கள். அலகு நிரலில் “மி.கி./லீ.” என்று இருந்தது. எல்லை நிரலில் 50. அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொல்லுக்கு அந்த அட்டவணையில் நிரலே இல்லை. வேண்டுமென்று யாரும் வெட்டவில்லை. இருக்க இடமில்லாததால் அது வெளியே நின்றுவிட்டது. அட்டவணையைச் செய்தவன் நான்.

அது மட்டும் நடந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. நாங்கள் முதலில் தெரிவு செய்த சென்சர் புற ஊதா ஒளியால் அளக்கும் வகை. அது நைத்திரேற்றாகவே காட்டும். 0 முதல் 100 வரை வீச்சு, அளந்ததை 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னோட்டமாக அனுப்பும். அட்டவணை மௌனமாக இருந்தாலும் சென்சர் சரியாகப் பேசியிருக்கும்.

ஆனால் 2021 இன் பிற்பகுதியில் நாட்டில் டொலர் தட்டுப்பாடு. அந்தச் சென்சரை இறக்குமதி செய்ய வங்கியில் கடன் கடிதம் திறக்க முடியவில்லை. மாதக்கணக்காக இழுத்தது. கொழும்பில் ஒரு முகவரிடம் வேறு வகைச் சென்சர்கள் கையிருப்பில் இருந்தன. அயனைத் தெரிந்து அளக்கும் மின்வாய் வகை, விலையும் மலிவு. முகவர் அனுப்பிய விலைச்சீட்டில் “நைத்திரேற்று, 0 முதல் 100” என்று இருந்தது. எங்கள் கொள்வனவைப் பார்த்த தங்கச்சி எக்செல் அட்டவணையை எடுத்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். வீச்சு 0 முதல் 100, சரி. மின்னோட்டம் 4 முதல் 20, சரி. பற்றரி வோல்ற்றளவு சரி. வயர் நீளம் சரி. சுரையின் புரி கூடச் சரி. “சமமான மாற்றீடு” என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். தரவுத்தாளின் ஏழாம் பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில் இருந்தது: அளவீடு நைதரசனாக.

நான் இதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வயர் பொருந்தாமல் இருந்திருந்தால் நாங்கள் தப்பியிருப்போம். வீச்சு 0 முதல் 60 என்று இருந்திருந்தாலும் யாரோ ஒருவர் ஏன் என்று கேட்டிருப்பார். எல்லாம் பொருந்தியதுதான் வில்லங்கம். 1996 ஜூன் 4 அன்று அரியேன் 5 ரொக்கெற் ஏறக்குறைய 37 விநாடியில் நிலை குலைந்ததும் இப்படித்தான். அரியேன் 4 இல் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய மென்பொருள் புதியதிலும் அப்படியே பொருந்தியது. புதிய ரொக்கெற்றின் கூடிய வேகத்தில் வந்த எண் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. பழைய மென்பொருள் எந்த அனுமானத்தில் நின்றது என்ற தகவல் அதனோடு சேர்ந்து இடம் மாறவில்லை.

மென்பொருள் எழுதிய தம்பி தேவைப்பாட்டு ஆவணத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அவருக்கு நாங்கள் கொடுத்தது எக்செல். 50 என்று இருந்தது, 50 என்று எழுதினார். நைதரசனாக 50 என்றால் நைத்திரேற்றாக 221. அதாவது உண்மையான எல்லையின் நாலரை மடங்கு தாண்டினால்தான் எங்கள் பலகை சிவக்கும்.

சோதனை ஏன் பிடிக்கவில்லை

இந்தக் கேள்வியில்தான் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. எங்களிடம் சோதனைத் திட்டம் இருந்தது. பத்துப் படிகள். முதல் எட்டுப் படியும் ஒழுங்காகச் செய்து, படம் எடுத்து, கோப்பில் போட்டோம்.

எட்டாம் படி, செறிவு முன்பே தெரிந்த நியமக் கரைசலில் சென்சரைத் தோய்த்துப் பார்ப்பது. 40 கரைசலில் பச்சை, 60 கரைசலில் சிவப்பு. இரண்டும் வந்தன. கை தட்டாத குறை. பிறகுதான் கண்டோம், கரைசல் வாங்கியது சென்சர் வந்த அதே முகவரிடம். போத்தலின் லேபிளில் “நைதரசனாக” என்றே போட்டிருந்தது. சென்சரும் கரைசலும் ஒரே பாஷை பேசின, ஒன்றையொன்று ஆமோதித்தன. எல்லை 50 என்பது எங்கள் அட்டவணையிலிருந்து வந்தது, 40 உம் 60 உம் அந்த 50 இலிருந்து வந்தன. பிழையான தாளைப் பார்த்து வினாவையும் செய்து விடையையும் செய்தால் நூற்றுக்கு நூறு வரத்தானே செய்யும்.

ஒன்பதாம் படி பிழையைப் பிடித்திருக்கும். ஒன்பது கிணற்றிலும் தண்ணீர் எடுத்து, ஆய்வுகூடத்தில் கொடுத்து, வரும் எண்ணைப் பலகையோடு ஒப்பிட வேண்டும். அந்தப் படிக்கு நாங்கள் வந்து சேர்ந்தது 2022 ஆனி மாதம். பெற்றோல் வரிசை நாள்கணக்கில் நின்ற காலம். மாதக் கடைசியில் பொதுமக்களுக்கு எரிபொருள் விற்பதையே நிறுத்தினார்கள். மாதிரித் தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார், சிரித்துவிட்டு விட்டோம். கொண்டுபோயிருக்க வேண்டும். சோதனைத் தாளில் ஒன்பதாம் படிக்கு எதிரே “பிறகு” என்று எழுதினோம். அதைத் திரும்பக் கேட்க ஒருவரும் பொறுப்பாக இருக்கவில்லை. ஊரார் அவசரப்பட்டார்கள், பணம் தந்தவர்கள் படம் கேட்டார்கள். ஆடியில் பலகையை ஏற்றினோம்.

முறைமைப் பொறியியலில் இரண்டு சொல் உண்டு. கேட்டபடி செய்தோமா என்று பார்ப்பது ஒன்று, செய்தது உண்மையில் வேலைக்கு உதவுகிறதா என்று பார்ப்பது மற்றது. வகுப்பில் படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எங்களுக்கு எட்டாம் படி முதலாவது, ஒன்பதாம் படி இரண்டாவது. வித்தியாசம் அப்போதுதான் வடிவாக விளங்கியது.

நம்பத்தகுந்த ஒரு கதை

பலகை ஓடத் தொடங்கியபின் பெரும்பாலான கிணறுகளில் வந்த எண்கள் 12 இலிருந்து 16 வரை. முன்பு அந்தக் கிணறுகளில் எடுத்த ஆய்வுகூட அறிக்கைகள் 50 க்கும் 70 க்கும் இடையில் இருந்தன. இவ்வளவு குறைந்தால் யாராவது சந்தேகப்பட வேண்டாமா?

எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை சந்தேகப்பட்டார். வட்ஸ்அப் குழுவில், “அண்ணை, இது கொஞ்சம் குறைவா வருதோ?” என்று போட்டார். நான் பதில் போட்டேன்: “உரம் இல்லைத்தானே.” இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். கதை முடிந்தது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தளர்த்தினார்கள் என்றாலும் 2022 இல் யூரியாவின் விலை தோட்டக்காரனின் கைக்கு எட்டாததாக இருந்தது. உரம் போடாவிட்டால் நைத்திரேற்று குறையும் என்பது நியாயமாகத்தானே படும். எங்களுக்குப் பெருமை கூட. பணம் தந்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அதை ஒரு பந்தியாகவே எழுதியிருக்கிறேன். 12 ஐயும் 16 ஐயும் 4.43 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 53, 71. கிணறுகள் அசையவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றன. குறைந்தது எங்கள் எண் மட்டும்.

4.43 என்ற இந்த எண்ணைக் கண்டதும் எனக்கு வேறு ஒரு எண் ஞாபகம் வந்தது. 1998 டிசம்பரில் நாசா ஏவிய செவ்வாய்க் காலநிலை விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. சிறு உந்துபொறிகள் கொடுத்த தள்ளலை ஒரு குழுவின் மென்பொருள் இறாத்தல் விசைக் கணக்கில் எழுதியது. மற்றக் குழு அதை நியூட்டன் கணக்கில் வாசித்தது. வித்தியாசம் 4.45 மடங்கு. எங்களுடையதும் அதுவும் இரண்டாம் தசம தானத்தில்தான் பிரிகின்றன. தற்செயல்தான், ஆனாலும் அன்றிரவு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. விண்கலம் செவ்வாய்க்கு மேலே சுமார் 57 கிலோமீற்றர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. 80 க்குக் கீழே போனால் தாங்காது. அங்கேயும் மெட்ரிக் அலகுதான் வேண்டும் என்று இடைமுக ஆவணம் இருந்தது. வழி கணித்தவர்களுக்கு எண்கள் ஒத்துவரவில்லை என்ற சந்தேகமும் இருந்தது. அதை முறையான பிரச்சினைப் பதிவாக எழுதாமல், மின்னஞ்சலிலும் வாய்ப்பேச்சிலும் சொன்னார்கள். அது அப்படியே கரைந்து போனது. எங்களுக்கு வட்ஸ்அப்.

எல்லாத் தாளையும் மேசையில் பரப்பியபோது

ஆசிரியர் அழைத்த மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனோம். கிணற்றடியில் வைத்தே துண்டைத் தோய்த்துக் காட்டினார். நிற அட்டையில் இரண்டு வரிசை எண் இருந்தது, ஒன்று நைத்திரேற்றாக, மற்றது நைதரசனாக. எங்களோடு வந்த மென்பொருள் தம்பி அந்த இரண்டு வரிசையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அண்ணை, எங்கட 50 எந்த 50?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை எடுக்க இரண்டு நாள் பிடித்தது. தேவைப்பாட்டு ஆவணத்தின் மூன்று பதிப்பு மூன்று மடிக்கணினியில் இருந்தது. எது கடைசி என்று திகதியை வைத்துத்தான் ஊகித்தோம். சோதனைத் திட்டத்தின் மூலப்பிரதி எழுதியவரின் சொந்த மின்னஞ்சலில் கிடந்தது. அவர் 2022 கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டார். இரவு எட்டு மணிக்கு எடுத்தோம், அங்கே காலை. பாவம், வேலைக்கு ஓடும் அவசரத்தில் தேடி அனுப்பினார். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் எத்தனை அலுவலகத்தில் இப்படித் தகவல் விமானம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் பிழை விட்டது என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. ஒவ்வொரு தாளும் தனியே பார்த்தால் சரி, எனது அட்டவணை கூட. தாளுக்கும் தாளுக்கும் நடுவில்தான் தகவல் உதிர்ந்திருந்தது, அந்த நடு இடத்துக்கு எங்களில் ஒருவரும் சொந்தக்காரர் இல்லை.

ஐஎஸ்ஓ 15288 என்று ஒரு நியமம் இருக்கிறது. முறைமை ஒன்றின் வாழ்க்கை வட்டத்துக்கான செயன்முறைகளைச் சொல்வது. 2002 இல் முதலில் வந்தது, 2023 இல் திரும்பத் திருத்தினார்கள். மொத்தம் 30 செயன்முறைகள். பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். ஆறு பேர் கொண்ட அறைக்கு இது யானைக்குப் போடும் சேணம் என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ள அந்த நியமமே இடம் தருகிறது. நாங்கள் வெட்டியது தேவை பார்த்து இல்லை, பஞ்சி பார்த்து. வெட்டி எறிந்தவற்றுள் தகவல் முகாமைத்துவமும் கட்டமைவு முகாமைத்துவமும் இருந்தன. முதலாவது, தேவைப்படுகிறவருக்குத் தேவைப்படும் நேரத்தில் தகவல் முழுமையாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, இப்போது செல்லுபடியாவது எந்தப் பதிப்பு, யார் மாற்றினார், அந்த மாற்றம் இன்னும் எதையெல்லாம் தொடும் என்று பார்ப்பது. 30 இல் 20 ஐ விட்டிருந்தாலும் எங்கள் அளவுக்கு ஓடியிருக்கும். இந்த இரண்டையும் விட்டிருக்கக் கூடாது.

270

பிழை தெரிந்த இரவே திருத்தினோம். அதிலும் ஒரு பிழை.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான மென்பொருளில் சென்சரின் எண்ணை 4.43 ஆல் பெருக்கும்படி தம்பி மாற்றினார். ஊராருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியைப் பார்க்கும் மற்றத் தம்பி, தனது வீட்டிலிருந்து, அதே இரவு, தனது பகுதியிலும் 4.43 ஆல் பெருக்கினார். இருவருக்கும் நோக்கம் நல்லது. காலையில் ஐந்தாம் கிணற்றுக்காரருக்கு வந்த செய்தியில் நைத்திரேற்று 270. பலகையில் அதே கிணற்றுக்கு 61. ஆசிரியர் இந்த முறை அழைக்கவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினார்.

பலகையில் ஒன்பதில் ஏழு விளக்கு சிவந்தது. ஊரில் பதற்றம். அந்த ஏழு கிணற்றில் குடிக்கும் வீடுகளில் இரண்டில் கைக்குழந்தை இருந்தது. இரண்டும் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள். அது எங்கள் கெட்டித்தனத்தில் சேராது. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து நடந்ததை உள்ளபடி சொன்னோம். ஒரு அம்மா எழும்பி, “ஆறு மாசம் பச்சை எரிஞ்சதெண்டு நான் ஊற்றித் தண்ணியைக் குடிச்சன், ஆர் பதில் சொல்லுறது?” என்று கேட்டார். நான்தான் எழும்பி நின்றேன். நல்ல பதில் ஒன்றும் இருக்கவில்லை.

எண் பதிவேடு

முதலில் பெரிய யோசனைதான் போனது. தேவைப்பாடுகளைத் தடமறியும் மென்பொருள் ஒன்றைப் பரீட்சார்த்தமாக எடுத்துப் பார்த்தோம். மூன்று கிழமையில் விட்டோம். அதற்குத் தீனி போடவே ஒரு ஆள் வேண்டும்.

கடைசியில் நின்றது ஒரு பகிர்வு விரிதாள். கையிலிருந்து கைக்குப் போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி. எண்ணிப் பார்த்தபோது முழு முறைமையிலும் அப்படி நாற்பது எண்தான் இருந்தது. நாற்பதைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் எண், அது எதை அளக்கிறது, என்ன அலகில், எந்த ஆவணத்தின் எந்த வரியிலிருந்து வந்தது, யார் யார் அதை வாசிக்கிறார்கள், மாற்ற உரிமை யாருக்கு என்று எழுதினோம். “அலகு” என்ற நிரலின் பெயரை “எது, எந்த அலகில்” என்று மாற்றினோம். எனக்குத் தெரிய நாங்கள் செய்ததில் ஆகச் சிறிய மாற்றமும் ஆகப் பெரிய மாற்றமும் அதுதான். இரண்டு சொல்லுக்கு இருக்க ஒரு இடம் கிடைத்தது.

பெருக்கலை ஒரே இடத்தில் வைத்தோம், சென்சரின் மின்னோட்டம் எண்ணாக மாறும் வாசலில். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் நைத்திரேற்றாகவே பேச வேண்டும். வேறு எங்கும் யாரும் பெருக்கக் கூடாது.

“சமமான மாற்றீடு” என்ற சொல்லைக் கொள்வனவுத் தாளிலிருந்து தூக்கினோம். மாற்றுப் பொருள் எடுத்தால், இரண்டு தரவுத்தாளையும் பக்கத்தில் வைத்து, அடிக்குறிப்பு உட்பட வரி வரியாக வாசித்து, வேறுபாடுகளை எழுத வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் “ஒன்றும் இல்லை” என்று எழுதிப் பெயர் போட வேண்டும். இதைச் செய்யப் போனபோதே இன்னொரு பூதம் கிளம்பியது. மின்வாய் வகைச் சென்சர் குளோரைட்டால் குழம்பும். உவர் ஏறிய கிணற்றில் இல்லாத நைத்திரேற்றையும் சேர்த்துக் காட்டும். ஒளியால் அளப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே மாற்றிய அன்று ஒரு அனுமானம் இல்லை, இரண்டு மாறியிருக்கிறது. ஒன்பது கிணற்றில் ஒன்று கோடை கடுமையானால் உவர்க்கும் கிணறு. அதற்குத் தனியான திருத்தம் வைத்திருக்கிறோம், இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

சோதனைக்கும் ஒரு விதி. எதிர்பார்க்கும் விடை, வடிவமைப்புக்கு எண் கொடுத்த அதே தாளிலிருந்து வரக் கூடாது. ஆய்வுகூடம், சோதனைத் துண்டு, வேறு கடையில் வாங்கிய கரைசல், எதுவாகவும் இருக்கலாம். “பிறகு” என்று எழுதினால் பக்கத்தில் திகதியும் ஆளும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அரைவாசி. மென்பொருள் தம்பிக்குப் பதிவேட்டைக் கண்டாலே எரிச்சல். வேலையை முடித்துவிட்டு ஒரு கிழமை கழித்து நிரப்புவார். ஒரு மாதம் ஒருவருமே தொடவில்லை. பிறகு, பதிவேட்டில் வரி இல்லாமல் எந்தச் செலவுச் சீட்டும் பாஸ் பண்ண மாட்டேன் என்று கணக்கைப் பார்க்கும் அக்கா சொன்னார். அதன்பிறகு நிரம்புகிறது. நியமத்தில் இந்தச் செயன்முறை இருப்பதாக எனக்கு ஞாபகமில்லை.

எங்களுக்குப் பிறகும் கருவி இருக்கும். மின்வாய்களை அடிக்கடி நியமக் கரைசலில் சரி பார்க்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் இந்த வேலையில் இருப்போமா என்பதே நிச்சயமில்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்புறத்திலும் தமிழில் ஒரு தாளை லமினேற் செய்து ஒட்டியிருக்கிறோம். இந்தச் சென்சர் நைதரசனாக அளக்கிறது, பெட்டி அதை 4.43 ஆல் பெருக்குகிறது, வேறு சென்சர் பூட்டினால் முதலில் அது எதை அளக்கிறது என்று பார். கீழே வெறும் கோடுகள், மாற்றியவர் திகதி போட்டு எழுத. போன தடவை திறந்தபோது மூன்றாம் கிணற்றுப் பெட்டியில் பல்லி முட்டையிட்டிருந்தது. தாளில் யாரோ பற்றரி மாற்றிய திகதியை எழுதியிருந்தார்கள். எங்கள் ஆள் இல்லை. ஊரில் மோட்டர் திருத்தும் பெடியன் என்று பிறகு தெரிந்தது.

ஆசிரியர் இன்னமும் சனிக்கிழமை காலையில் ஒன்பது கிணற்றுக்கும் சைக்கிளில் போய்த் துண்டு தோய்க்கிறார். எண்களைச் சிவப்புமட்டைக் கொப்பி ஒன்றில் எழுதுகிறார். எங்கள் பதிவேட்டில் அந்தக் கொப்பிக்கு இப்போது 41 ஆவது வரி: எதை அளக்கிறது, எந்த அலகில், யார் வாசிக்கிறார்கள், மாற்ற உரிமை யாருக்கு. கடைசி நிரலில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் அந்தக் கொப்பியைப் படம் எடுத்து வர வேண்டியது நான். இந்த மாதம் இன்னும் போகவில்லை என்று இன்று காலையும் அவருடைய கேள்விக்குறி வந்திருக்கிறது.